தோண்டி எடுத்த சோடா பாட்டில்: சைடு இன்கமா, சும்மா ஆசையா? கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க



மண்ணுக்குள்ள இருந்து பழைய கண்ணாடி பாட்டில் எடுத்து, கழுவி, பளபளன்னு ஆக்கி விக்கிற ரீல்ஸ் இப்ப எல்லார் போன்லயும் ஓடுது. "குப்பையில இருந்து காசு", "வீக்கெண்ட்ல வேலை, மாசம் இருபதாயிரம்" அப்படின்னு தலைப்பு. நம்ம சேனல் கமெண்ட்லயும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க: "சார், இது நல்ல சைடு இன்கமா?"

இதுக்கு ஒரு பொதுவான பதிலைச் சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா இந்த வருஷம் எங்க வீட்டிலேயே இது நடந்துருச்சு. லாபக் கணக்கும் இருக்கு, என் கையாலயே பண்ணின ஒரு நஷ்டமும் இருக்கு. ரெண்டையும் மறைக்காம எழுதறேன். முடிவை நீங்க எடுங்க.

நடந்தது என்ன?

எங்க ஊர் நாரணாபுரம். சிவகாசிக்குப் பக்கத்துல. பட்டாசு, அச்சகம், தீப்பெட்டி, இதுதான் ஊர் பிழைப்பு. எங்க தாத்தா மட்டும் கொஞ்சம் வேற. அவர் சோடாக் கடை வச்சிருந்தார். கையால சுத்துற மெஷின்ல கேஸ் ஏத்தி கோலி சோடா போட்டு விப்பார். 1980களின் தொடக்கத்துல கடையை மூடிட்டார். மெஷின் பழைய இரும்புக்குப் போச்சு. பாட்டில் எல்லாம் எங்க போச்சுன்னு யாரும் கேட்கலை.

இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால புது செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினோம். நாலடி ஆழத்துல கண்ணாடி தட்டுப்பட்டது. மொத்தம் 31 பாட்டில். 19 உடைஞ்சது. எங்க மண்ணு கரிசல். மழை பெய்ஞ்சா உப்பும், வெயில்ல சுருங்கி வெடிக்கும். வருஷா வருஷம் அந்த அழுத்தத்துல கண்ணாடி தாங்காது. முழுசா கிடைச்சது 12: கோலி சோடா பாட்டில் 5, மருந்து பாட்டில் 4, மைக்கூடு 2, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில் 1.

அந்த அஞ்சு சோடா பாட்டில்ல ஒண்ணுல மட்டும் தாத்தாவோட இனிஷியலும் ஊர்ப் பேரும் கண்ணாடியிலேயே புடைச்சு இருந்தது. அந்தக் காலத்துல நிறைய சோடாக்காரங்க அப்படித்தான் அச்சு போட்டு வாங்குவாங்க. பாட்டில் வேற கடைக்குப் போயிடாம இருக்கணுமே.

என் சித்தப்பா பையன் சென்னையில வேலை பார்க்கிறான். மாசம் 38,000 ரூபாய் கைக்கு வருது. அவன்தான் முதல்ல குதிச்சான். "அண்ணே, இதுக்கெல்லாம் இன்ஸ்டாவுல ஆள் இருக்காங்க. நான் சுத்தம் பண்ணி வித்துக் காட்டறேன்." சரி பண்ணுடா, ஆனா ஒவ்வொரு ரூபாயையும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதிவைன்னு சொன்னேன். சிஏ அண்ணன் இருந்தா இந்தத் தொல்லை உண்டு. பாவம், ஒழுங்கா எழுதினான்.

முதல்ல, இந்த பாட்டில் ஏன் ஸ்பெஷல்?

கோலி சோடா பாட்டில் நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்ற இன்ஜினியர் 1870களில் காப்புரிமை வாங்கின டிசைன். கழுத்துக்குள்ள ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வாஷர். தலைகீழா வச்சு கேஸ் ஏத்தினா, உள்ள இருக்கிற அழுத்தமே கோலியை வாஷர்ல தள்ளி அடைச்சுக்கும். தனியா மூடியே வேண்டாம். கட்டைவிரலால அமுக்கினா "டப்". ஜப்பான்ல ராமுனே என்ற பானம் இன்னும் இதே டிசைன்லதான் வருது.

நம்ம மாவட்டத்துக்கும் குளிர்பானத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பொவண்டோ விக்கிற காளிமார்க் 1916ல விருதுநகர்ல ஆரம்பிச்சதுதான். 2017 மார்ச்ல தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விக்க மாட்டோம்னு சொன்னப்போ கோலி சோடாவும் பொவண்டோவும் மறுபடி எல்லார் வாயிலயும் வந்தது ஞாபகம் இருக்கும். 2025ல மத்திய அரசின் அபெடா அமைப்பு "கோலி பாப் சோடா"ன்னு பேர் வச்சு இது வெளிநாட்டுக்குப் போறதை அறிவிச்சது.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. கோலி பாட்டில் இன்னைக்கும் புதுசா வருது. அதனால "உள்ள கோலி இருக்கு, அப்ப நூறு வருஷப் பழசு"ன்னு யாராவது வித்தா நம்பி ஏமாறாதீங்க.

இன்னொரு விஷயம், இது கணக்கு சம்பந்தப்பட்டது. அந்தக் கடையில சோடா விலை சில காசுதான். பாட்டில் விலை அதைவிட எத்தனையோ மடங்கு. அதனாலதான் கடை வாசல்லயே நின்னு குடிச்சுட்டு பாட்டிலைத் திருப்பிக் குடுக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோனா முன்பணம் கட்டணும். தாத்தாவோட நோட்டுல அதுக்குன்னு தனிப் பக்கம் இருந்ததா அத்தை சொல்வாங்க: "பாட்டில் பாக்கி". அந்தக் காசை அவர் வியாபாரக் காசோட சேர்க்கவே மாட்டாராம். ஏன்னா அது வருமானம் இல்லை, திருப்பிக் குடுக்க வேண்டிய கடன். நான் சிஏ படிக்கும்போது நாலு வருஷம் கழிச்சுப் புரிஞ்ச விஷயத்தை, அஞ்சாங்கிளாஸ் படிச்ச மனுஷன் நோட்டுல பிரிச்சு வச்சிருந்திருக்கார்.

சுத்தம் பண்றதுன்னா என்ன? ரீல்ஸ்ல காட்டாத பகுதி

மண்ணுல கிடந்த பாட்டில்ல மூணு வகை அழுக்கு இருக்கு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

1. வெறும் மண், சேறு. ரெண்டு நாள் சாதாரணத் தண்ணியில ஊறவச்சு, மெதுவா பிரஷ் போட்டா போயிடும்.

2. சுண்ணாம்புப் படிவமும் துருக்கறையும். எங்க பக்கம் மண்ணுல சுண்ணாம்பு அதிகம், அதனால வெள்ளையா கெட்டியா ஒட்டியிருக்கும். வினிகர் இல்லை சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ஊறவச்சா கரையும். துருக்கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட். இது விஷம். கையுறை, கண்ணாடி போடாம தொடாதீங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க.

3. வெள்ளை மங்கல், வானவில் மாதிரி மினுமினுப்பு. இதுதான் ஏமாத்துற ஆள். இது அழுக்கே இல்லை. பல வருஷம் ஈர மண்ணுல கிடந்ததால கண்ணாடியில இருக்கிற சோடியம் கரைஞ்சு வெளியே போய், மேல்பரப்பே அரிச்சுப் போயிருக்கு. எந்த சோப்பும் ஆசிட்டும் இதை எடுக்காது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான டெஸ்ட்: பாட்டிலை நனைங்க. மங்கல் மறைஞ்சு, காய்ஞ்ச உடனே திரும்பி வந்தா அது அரிப்பு. நீங்க வாங்குறவரா இருந்தா இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. மினரல் ஆயில் லேசா தடவினா இந்த மங்கல் போட்டோவுல தெரியாது. வாங்கறதுக்கு முன்ன "எண்ணெய் எதுவும் தடவியிருக்கா, கழுவிக் காயவச்சு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு கேளுங்க.

இந்த அரிப்பைப் போக்க ஒரே வழி, மேல்பரப்பையே தேய்ச்சு எடுக்கிறது. பாட்டிலை ஒரு உருளைக்குள்ள வச்சு, சின்னதா வெட்டின செம்புக் கம்பித் துண்டு, பாலிஷ் பவுடர், தண்ணி சேர்த்து நாள்கணக்கா மெஷின்ல சுத்தவிடணும். பளபளப்பு வரும். ஆனா புடைச்ச எழுத்தோட ஓரமும் கொஞ்சம் மழுங்கும். பெயின்ட்ல லேபிள் அச்சடிச்ச பாட்டிலா இருந்தா லேபிளே போயிடும். விவரம் தெரிஞ்ச சேகரிப்பாளர்கள் பலரும் அதிகமா பாலிஷ் பண்ணின பாட்டிலை விட, மண்ணு மட்டும் கழுவின பாட்டிலைத்தான் விரும்பறாங்க. சுத்தம் பண்றதை எப்ப வேணாலும் பண்ணலாம். பண்ணினதைத் திரும்ப எடுக்க முடியாது.

கோலி பாட்டில்ல கூடுதல் தலைவலி. கோலியை உள்ள போட்டுட்டுத்தான் தயாரிக்கும்போது வாயைக் குறுக்குவாங்க. பாட்டிலை உடைக்காம கோலியை எடுக்க முடியாது. பிரஷ்ஷும் உள்ள சரியா நுழையாது.

எங்க பக்கத்து வாசகர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தோண்டி எடுத்த பாட்டில்ல காய்ஞ்ச பொடியோ கட்டியோ இருந்தா, அது என்னன்னு தெரியாம ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, சுரண்டாதீங்க. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் பயன்பட்ட குளோரேட் உப்பா இருந்தா, ஆசிட் பட்டதும் வெடிக்கக்கூடிய வாயு உண்டாகும். கந்தகத்தோட கலந்திருந்தா உரசினாலே போதும். 500 ரூபாய் பாட்டிலுக்கு விரலைப் பணயம் வைக்கிறது எந்தக் கணக்குலயும் சேராது.

இப்ப தம்பியோட கணக்கு

அவன் நோட்டுல இருந்தது அப்படியே:

- 6 பாட்டில் வித்த பணம்: 3,900 ரூபாய்
- பிரஷ் 180, சிட்ரிக் ஆசிட் 160, ஆக்ஸாலிக் ஆசிட் 120, கையுறையும் கண்ணாடியும் 450, பாலிஷ் பவுடர் 650. மொத்தம் 1,560 ரூபாய்
- பேக்கிங், கூரியர்: 640 ரூபாய்
- வழியில ஒண்ணு உடைஞ்சதால திருப்பிக் குடுத்தது: 700 ரூபாய்
- கையில நின்னது: 1,000 ரூபாய்
- செலவான நேரம்: 46 மணி

அதாவது மணிக்கு சுமார் 22 ரூபாய்.

அவன் ஆபீஸ் சம்பளம் 38,000. மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணின்னு வச்சா 208 மணி. மணிக்கு சுமார் 183 ரூபாய். ஆபீஸ்ல வாங்குறதுல எட்டுல ஒரு பங்குக்கு, சனி ஞாயிறு முழுக்க ஆசிட் வாசனையில உட்கார்ந்திருக்கான்.

இதைக் காட்டினப்போ அவன் சொன்னது நியாயமான பதில்தான்: "அண்ணே, கையால தேய்ச்சதால நேரம் ஆச்சு. பிரஷ், கையுறை எல்லாம் ஒரு தடவை செலவு. மெஷின் வாங்கிட்டா வேகமா முடியும்." மெஷின், உருளை, செம்பு, பவுடர் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்னு விசாரிச்சு வச்சிருந்தான். பர்சனல் லோன் ஆப் ஒண்ணு 18 சதவீதத்துல 24 மாசத்துக்குத் தரத் தயாரா இருந்தது.

சரி, அவன் பக்கமே நின்னு கணக்கு போடுவோம். நேரத்துக்குக் காசே வேண்டாம், பிரஷ் செலவையும் விட்டுருவோம். வித்த பணத்துல கூரியரும் உடைசலும் போனா 2,560. ஆறால வகுத்தா ஒரு பாட்டிலுக்கு சுமார் 427 ரூபாய். இஎம்ஐ சுமார் 2,396 ரூபாய். அப்ப இஎம்ஐ கட்ட மட்டுமே மாசம் 6 பாட்டில் விக்கணும். 24 மாசத்துக்கு 144 பாட்டில். வட்டி மட்டும் சுமார் 9,500 ரூபாய்.

எங்க குழி மொத்தமா குடுத்தது 12. அதுலயும் நல்லதா பார்த்து ஆறை வித்தாச்சு.

மீதி பாட்டில் எங்கிருந்து வரும்? இதுதான் அந்த ரீல்ஸ் எதுவும் கேட்காத கேள்வி. மெஷின் வேகமா சுத்தும், சரி. சரக்கு? மண்ணு ஒண்ணும் பாட்டில் தொழிற்சாலை இல்லை. ஒரு தொழில்ல மூலப்பொருள் தற்செயலா கிடைக்குதுன்னா, அதுக்கு மாசாமாசம் கட்ட வேண்டிய கடன் வாங்கக்கூடாது. வருமானம் எப்பவாவது, இஎம்ஐ எப்பவும். இந்த ரெண்டும் சேரவே சேராது. பாட்டில்னு இல்லை, கேமரா, டிரோன், கேக் ஓவன், எதுக்கு லோன் போட்டாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.

சட்டமும் வரியும்

சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுல விளையாடக்கூடாது.

எங்க தோண்டறீங்க? உங்க சொந்த இடம்னா பிரச்னை இல்லை. கண்மாய், புறம்போக்கு, அடுத்தவங்க தோட்டம்னா அனுமதி இல்லாம கடப்பாரையைத் தூக்காதீங்க. எங்க மாவட்டத்துலயே வெம்பக்கோட்டை பக்கத்துல விஜயகரிசல்குளத்துல 2022ல இருந்து தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியிருக்கு. கண்ணாடி மணியும் சங்கு வளையலும் கிடைச்ச மண்ணு அது. அந்த மாதிரி இடத்துல நீங்க ஆசைக்குத் தோண்டினா, அழியறது ஒரு பாட்டில் இல்லை, வரலாறு.

மண்ணுல புதைச்சு வச்சிருந்த மதிப்புள்ள பொருள் கிடைச்சா 1878ஆம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுத்துல தகவல் குடுக்கணும். குப்பையில எறிஞ்ச சோடா பாட்டில் புதைச்சு வச்ச புதையல் இல்லைங்கறது என் கருத்து. ஆனா பாட்டிலுக்குள்ள காசோ நகையோ இருந்தா அது வேற கதை. மறைக்காதீங்க.

100 வருஷம் தாண்டின வரலாற்று மதிப்புள்ள பொருளுக்கு 1972ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டம் பொருந்தலாம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வெளிநாட்டுல இருந்து யாராவது நல்ல விலை பேசினா, முதல்ல இது தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சான்று வாங்கறதைப் பாருங்க.

வருமான வரி? வீட்டுல கிடந்த ஒண்ணு ரெண்டை எப்பவோ வித்தது வேற. தேடித் தோண்டி, சுத்தம் பண்ணி, தொடர்ந்து வித்தா அது வியாபார வருமானம். ஐடிஆர்-1 போட்டுட்டுப் போயிட முடியாது. சின்ன வியாபாரத்துக்கு உத்தேச வரி முறையில ஐடிஆர்-4 இருக்கு. டிஜிட்டல்ல வந்த விற்பனையில 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபம்னு குறைஞ்சபட்சமா காட்டலாம். யூபிஐல வந்ததுன்னு யாருக்கும் தெரியாதுன்னு நினைக்காதீங்க. யூபிஐலதான் எல்லாமே தெரியும்.

ஜிஎஸ்டி பத்தி ஒரு பொதுவான தப்பு எண்ணம் இருக்கு: "40 லட்சம் வரைக்கும் பதிவே வேண்டாம்." பொருள் விக்கிறதுல, தமிழ்நாட்டுக்குள்ள வித்தா அது சரி. ஆனா வியாபாரமா செஞ்சு பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்பினா, முதல் விற்பனையில இருந்தே பதிவு கட்டாயம். ஆன்லைன்ல பாட்டில் வாங்கறவங்க பெரும்பாலும் வெளி மாநிலத்துக்காரங்களாத்தான் இருப்பாங்க, யோசிச்சுக்கோங்க.

கடைசியா, உங்க வேலை ஒப்பந்தத்தைப் படிங்க. வெளி வேலைக்கு அனுமதி வாங்கணும்னு அதுல இருந்தா, வாங்கிட்டுப் பண்ணுங்க.

இப்ப என் நஷ்டம்

இதுவரைக்கும் தம்பிக்கு அட்வைஸ் பண்ணின அண்ணனைத்தான் பார்த்தீங்க. இனிமே என் பங்கு.

தாத்தா பேர் போட்ட அந்த ஒரு சோடா பாட்டிலுக்கு 2,500 ரூபாய் தர ஒருத்தர் தயாரா இருந்தார். தம்பிக்கே விக்க மனசில்லை. "வச்சுக்கலாமா அண்ணே"ன்னான். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "சென்டிமென்ட்டுக்கு பேலன்ஸ் ஷீட்ல இடம் கிடையாதுடா. தாத்தா போட்டோ வீட்டுல இருக்கு, அது போதும். விலை வரும்போது வித்துரு"ன்னேன்.

உள்ள அடியில சுண்ணாம்பு கெட்டியா இருந்தது. வாங்கறவர் சீக்கிரம் கேட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, தொட்டித் தண்ணியில ராத்திரி முழுக்கக் கிடந்த பாட்டிலை எடுத்து, கொதிக்கிற தண்ணியை உள்ள ஊத்தினேன். சட்டுனு இளகிடும்னு கணக்கு.

"டிக்"னு ஒரு சின்ன சத்தம்தான். கழுத்துல இருந்து அடி வரைக்கும் விரிசல். பேரோட நடுவுலயே ஓடுச்சு.

இதுல ரகசியம் ஒண்ணும் இல்லை. சோடா பாட்டில் கண்ணாடி கனம். உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுப்புல வெடிச்சுரும். பத்தாம் வகுப்பு பாடம்.

அத்தை திண்ணையில உட்கார்ந்து பார்த்துட்டுதான் இருந்தாங்க. அவங்க வயசு அறுபத்தெட்டு. பாட்டிலைக் கையில வாங்கி, விரிசல் மேல விரலை ஓட்டிப் பார்த்தாங்க.

"அப்பா ஒருநாளும் சுடுதண்ணி ஊத்த விடமாட்டாரு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில நொய்யரிசியும் சீயக்காய்த் தூளும் போட்டு குலுக்குவோம். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்ன நான் அறுபது பாட்டில் கழுவுவேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, ராசா."

கேட்டிருந்தா. அதான் விஷயம். மூணு வாரமா நானும் தம்பியும் யூடியூப்ல அமெரிக்காக்காரன் வீடியோ பார்த்து பாட்டில் கழுவக் கத்துக்கிட்டோம். அதே பாட்டிலைச் சின்ன வயசு முழுக்கக் கழுவினவங்க பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாங்க. அவங்ககிட்ட எப்படிக் கழுவறதுன்னும் கேட்கலை, அதை விக்கலாமான்னும் கேட்கலை.

இதை எழுதறதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. 2,500 ரூபாய் போனதுக்காக இல்லை. அந்தப் பொருளுக்கு விலை போட எனக்கு அதிகாரம் இருக்கான்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கலை. தாத்தா ஊராரோட பாட்டில் முன்பணத்தைத் தனிப் பக்கத்துல எழுதி வச்சார், "இது என்னோடது இல்லை"ன்னு. பேரன் நான், அத்தையோட பாட்டிலை என் சரக்குப் பட்டியல்ல சேர்த்துட்டேன்.

என் கருத்து இதுதான்

பழைய பாட்டில் தோண்டி, கழுவி, அலமாரியில வைக்கிறது அருமையான பொழுதுபோக்கு. போன் பார்க்காம நாலு மணி நேரம் போகும், கை வேலை, கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் ஊர் வரலாறு. ஜிம், ஓடிடி, வீக்கெண்ட் ட்ரிப்புக்கு செலவு பண்ற மாதிரி, மாசம் ஒரு 500 ரூபாய் இதுக்கு ஒதுக்குங்க. "ஆசைச் செலவு"ன்னு பட்ஜெட்ல எழுதுங்க. எல்லா ஆசையும் சைடு இன்கமா மாறியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. பணம் பத்தி சேனல் நடத்துற நானே இதைச் சொல்றேன்.

இதை வருமானமா பார்க்கணும்னு நினைச்சா, கடன் வாங்கறதுக்கு முன்ன இந்த நாலையும் பண்ணுங்க:

1. மூணு மாசம் கையால மட்டும் பண்ணுங்க. மணிக்கணக்கை நேர்மையா எழுதுங்க. போட்டோ எடுத்த நேரம், வாங்கறவர்கிட்ட சாட் பண்ணின நேரம் எல்லாம் சேர்த்து.

2. மணிக்கு எவ்வளவு நிக்குதுன்னு உங்க சம்பளத்தோட ஒப்பிடுங்க. அதே நேரத்துல ஒரு ஸ்கில் கத்துக்கிட்டா அடுத்த இன்கிரிமென்ட்ல என்ன வரும்னும் யோசிங்க.

3. அடுத்த 12 மாசத்துக்கு சரக்கு எங்கிருந்து வரும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுத முடியலைன்னா அது தொழில் இல்லை.

4. குடும்பப் பொருளா இருந்தா, விக்கிறதுக்கு முன்ன, கழுவறதுக்கும் முன்ன, வீட்டுல மூத்தவங்ககிட்ட கேளுங்க. இதுக்கு ஒரு ரூபாய்கூட செலவு இல்லை. நான் பண்ணாம விட்டது இது ஒண்ணுதான்.

தம்பி லோன் எடுக்கலை. இன்னும் ஊருக்கு வந்தா பின்பக்கம் தோண்டறான், ஆனா விக்கிறதில்லை. மீதி பாட்டிலை அத்தை சொன்ன மாதிரி நொய்யரிசி போட்டுத்தான் குலுக்கறான். மங்கல் முழுசா போகலை. போக வேண்டாம்னு விட்டுட்டான்.

விரிசல் விட்ட பாட்டில் அத்தை வீட்டு அலமாரியில இருக்கு. தண்ணி ஊத்த முடியாது, விக்கவும் முடியாது. சந்தை விலை பூஜ்யம். போன வாரம் ஊருக்குப் போனப்போ பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அதை ஆட்டி கோலிச் சத்தம் கேட்டுட்டு இருந்தாங்க. அத்தை, "மெதுவா, மெதுவா"ன்னு அதட்டிட்டே தாத்தா கதையைச் சொல்லிட்டு இருந்தாங்க.

உங்க சைடு இன்கம் முயற்சியில மணிக்கு எவ்வளவு நிக்குதுன்னு கணக்கு போட்டுப் பார்த்து, கமெண்ட்ல நம்பரை மட்டும் போடுங்க. 22 ரூபாயைவிடக் கம்மியா இருந்தாலும் வெட்கப்படாதீங்க, துணைக்கு எங்க தம்பி இருக்கான். ஐடிஆர்-4 எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோவுல விரிவா பார்க்கலாம்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு மூத்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. விலை விசாரிக்கிறது அப்புறம்.